மறு: ஏர் ரைஃபிள் ரெகுலேட்டருக்குத் தமிழில் என்ன பெயர்?

குழுவினருக்கு வணக்கம்.

> அழுத்தத்தைக் குறைக்கும் கருவிதானே? 'அழுத்தக் குறைப்பி' என்றே வைத்துவிடலாமே.

ஐயா, குறைப்பது அதன் வேலையில் பாதிகூட இல்லை. போட்டித் துப்பாக்கியின் காற்றுக்கலனில் 200 பார் (பார் என்பது அழுத்தத்தின் அலகு) நிரப்புகிறோம். சுடச்சுட அது 180, 150, 120 என்று இறங்கிக்கொண்டே வரும். சுடும் வால்வுக்கு முன்னால் ஒரு சிற்றறை இருக்கிறது. கலனில் எவ்வளவு இருந்தாலும் அந்த அறையில் 70 பார் அளவில் நிற்கும்படி பார்த்துக்கொள்வதுதான் ரெகுலேட்டரின் வேலை. (70 என்பது கணக்குக்காக நான் எடுத்துக்கொண்ட எண், துப்பாக்கிக்குத் துப்பாக்கி மாறும்.) வெறுமனே குறைத்தால் போதும் என்றால் வழியில் ஓர் ஊசித்துளை வைத்தாலே ஆயிற்று. ஆனால் காற்று ஓடும்வரைதான் அந்தத் துளை குறைக்கும். ஓட்டம் நின்ற சற்று நேரத்தில் இரு பக்கமும் ஒரே அழுத்தம் ஆகிவிடும்.

அறையின் அழுத்தம் நின்ற இடத்தில் நிற்பது ஏன் இவ்வளவு முக்கியம் என்று இன்னொருவர் கேட்டிருந்தார். அது மாறினால் குண்டின் வேகமும் மாறும். 10 மீட்டர் போட்டியில் 4.5 மி.மீ. குண்டு ஏறத்தாழ நொடிக்கு 170 மீட்டர் வேகத்தில் போகிறது. காற்றுத் தடையை விட்டுவிட்டுக் கணக்கிட்டால், இலக்கைத் தொடுவதற்குள் 17 மி.மீ. தாழ்கிறது. வேகம் 160 ஆனால் 19 மி.மீ. தாழும். அந்த 2 மி.மீ. உங்களுக்கு அற்பமாகத் தோன்றலாம். பத்துப் புள்ளிக்கான பொட்டின் விட்டமே அரை மி.மீ.தான், ஒரு வளையத்துக்கும் அடுத்த வளையத்துக்கும் இடைவெளி 2.5 மி.மீ. புள்ளியைத் தசமத்தில் எண்ணும் போட்டியில், 60 குண்டும் ஒரே வேகத்தில் போயாக வேண்டும்.

> மின்னியலில் 'சீராக்கி' இருக்கிறது. அதையே எடுத்துக்கொள்வோம்.

இதற்கு ஈழத்து நண்பர் சொன்ன மறுப்பை நானும் ஏற்கிறேன். அவர்கள் பாடநூலில் சீராக்கி என்றால் ஆடலோட்டத்தை (ஏ.சி.) நேரோட்டமாக்கும் (டி.சி.) கருவி. அங்கே வேறொரு கருவிக்கு வழங்கும் சொல்லை இங்கே இதற்குப் போட்டால், இரு கரைப் பிள்ளைகளும் ஒருவர் எழுதியதை ஒருவர் தப்பாகப் படிப்பார்கள்.

> 'அழுத்த நிலைப்பி' அழகாக இருக்கிறது. அழுத்தத்தை மாறாமல் நிலைக்கச் செய்வது.

சொல் அழகுதான். ஆனால் கருவி செய்வதைவிட அதிகமாகச் சொல்லிவிடுகிறது. எப்படி என்று காட்டக் கொஞ்சம் உள்ளே போக வேண்டும்.

உள்ளே இருப்பது ஒரு பிஸ்டன். தலை அகலம், தண்டு மெல்லிசு, தலையிலிருந்து தண்டின் நுனிவரை நடுவே துளை. நுனி ஒரு பிளாஸ்டிக் வட்டின்மேல் உட்கார்ந்தால் கலனிலிருந்து வரும் வழி அடைபடும். தலைக்குக் கீழே, கிண்ணம்போல் குழிந்த வில் (ஸ்பிரிங்) வளையங்களை எதிரெதிராக அடுக்கியிருப்பார்கள். அவை நுனியை வட்டிலிருந்து விலக்கப் பார்க்கும். அறையில் சேரும் காற்று தலையின் முகத்தில் அழுத்தி நுனியை வட்டில் உட்காரவைக்கப் பார்க்கும். இரண்டும் ஈடாகும் இடம்தான் நாம் வைக்கும் 70 பார். ஒரு குண்டு போனதும் அறையில் அழுத்தம் விழும், வில் வெல்லும், வழி திறக்கும்; 70 ஆனதும் மறுபடி மூடும்.

இப்போது கணக்கு. தலை 10 மி.மீ., தண்டு 4 மி.மீ., நுனியில் வட்டைத் தொடும் விளிம்பு 3.5 மி.மீ. விட்டம் என்று வைப்போம். தலையின் பரப்பு 78.5 சதுர மி.மீ.; அதில் விளிம்புக்குள் அடங்கும் 9.6 போக, மூடுவதற்கு உதவும் பரப்பு 69. 70 பார் என்றால் சதுர மி.மீ.க்கு 7 நியூட்டன். ஆக மூடும் விசை ஏறத்தாழ 480 நியூட்டன். ஆனால் தண்டுக்கும் விளிம்புக்கும் இடையே 3 சதுர மி.மீ. வளையம் ஒன்று மிஞ்சுகிறது பாருங்கள், அதன்மேல் கலனின் 200 பார் அழுத்தி, 60 நியூட்டன் அளவுக்குத் திறக்கப் பார்க்கிறது. எனவே வில்லடுக்கு 420 கொடுத்தால் போதும். கலன் 100 பாருக்கு இறங்கியதும் அந்த 60 பாதியாகி 30 ஆகும். வில்லோ அதே 420. மொத்தம் 450 தான். அறையில் இப்போது 70 இல்லை, 65 சொச்சம்.

விளிம்பை 3.8 மி.மீ. ஆக்கினால் இந்தச் சரிவு 2 பாருக்குள் அடங்கும். ஆனால் விளிம்பு கூராகி வட்டில் வெட்டுப்போடும். அதற்கு ஈடுகொடுக்கும் வட்டைத் தேட வேண்டும். எப்படி வடித்தாலும் சிறு சரிவு இருக்கும். அதனால் 'நிலை' என்ற வாக்குறுதியைப் பெயரிலேயே கொடுக்க வேண்டாம்.

என் பரிந்துரை அழுத்த ஒழுங்கி. காவிரிப் பாசனப் பகுதியில் ரெகுலேட்டரை நீரொழுங்கி என்றே நாளிதழ்களில் எழுதுகிறார்கள். புதிதாக யாரையும் பழக்க வேண்டியதில்லை. நீரொழுங்கியில் ஆள் நின்று பலகையை ஏற்றி இறக்க வேண்டும், இது தானாக இயங்குகிறது, எனவே 'தன்னொழுங்கி' என்று வேண்டும் என்பது ஒரு நண்பரின் கருத்து. தேவையில்லை என்பேன். சமையலறை எரிவாயுவின் ரெகுலேட்டரும் தானாகத்தான் இயங்குகிறது. 30 மில்லிபார் என்ற மிகச் சிறிய அழுத்தம் என்பதால் அங்கே பிஸ்டனுக்குப் பதில் அகலமான ரப்பர் திரை, அவ்வளவுதான் வித்தியாசம். எரிவாயு ஒழுங்கி, காற்றழுத்த ஒழுங்கி என்று ஒரே வேரில் வரட்டும். அழுத்தத்தை அளந்து, மின்னால் முடிவெடுக்கும் கருவிக்குக் 'கட்டுப்படுத்தி' இருக்கவே இருக்கிறது.

இதோடு சேர்ந்த ஒரு கோளாறுக்கும் சொல் வேண்டும். இரவு 70-ல் விட்டுப்போன துப்பாக்கியின் அறை காலையில் 78 காட்டும். கழற்றி உருப்பெருக்கியில் பார்த்தால் நுனி விளிம்பில் குறுக்கே மயிரிழை அளவு ஒரு கீறல், அல்லது வட்டில் பதிந்த வளையத்தில் ஒட்டிய ஒரு பித்தளைத் துகள். அந்த வழியே காற்று ஊறி அறையை ஏற்றிவிடுகிறது. அன்றைய முதல் குண்டு மட்டும் வேறு வேகத்தில் போகும். அழுத்தம் மிகவும் ஏறிவிட்டால், சுடும் வால்வைத் தட்டித் திறக்கும் உள் சுத்தியலால் அதைத் திறக்கவே முடியாது. இதற்கு 'ஊர்வு' என்று ஒருவர் எழுதியிருந்தார். பளுவின் கீழ் உலோகம் நாள்பட நீளுகிறதே, ஊர்வு அதற்கு இருக்கட்டும். இங்கே ஊர்வது எதுவும் இல்லை. கசிகிறது, அதனால் ஏறுகிறது. கசிவேற்றம் என்பேன்.

வில்லடுக்கு இருக்கும் அறையிலிருந்து வெளிக்காற்றுக்கு ஒரு சிறு துளை போகிறது. அது அடைபட்டு, பிஸ்டனின் ஓ-வளையமும் (காற்றை அடைக்கும் ரப்பர் வளையம்) கசிந்தால், வில்லின் பக்கமும் அழுத்தம் சேர்ந்து மேலே போட்ட கணக்கு முழுதும் பாழ். பயிற்சிக் கூடங்களில் அதை 'வென்ட்' என்கிறார்கள். 'மூச்சுத்துளை' என்று வைக்கலாமா? மருத்துவச் சொல்லோடு மோதாது என்று உயிரியல் நண்பர்கள் சொன்னால், அழுத்த ஒழுங்கி, கசிவேற்றம், மூச்சுத்துளை மூன்றையும் சேர்த்தே பட்டியலில் ஏற்றிவிடலாம்.

அன்புடன்.