பாவசங்கீர்த்தனத்தில் (கத்தோலிக்கர் சாமியிடம், அதாவது குருவானவரிடம், பாவத்தைச் சொல்லி மன்னிப்புப் பெறுவதில்) எங்கே தடுமாறுகிறார்கள்?

மறைக்கல்வி டீச்சர்:
புதுநன்மை (முதல் நற்கருணை) வாங்கும் பிள்ளைகளைக் கேட்டால் இதற்கு வேண்டிய ஐந்து காரியத்தையும் மடமடவென்று ஒப்பிப்பார்கள்: ஆன்ம சோதனை (செய்த பாவத்தை நினைத்துப் பார்த்தல்), மனஸ்தாபம் (அதற்கு வருந்துதல்), பிரதிக்கினை (இனிச் செய்யமாட்டேன் என்ற உறுதி), பாவத்தைச் சொல்லுதல், அபராதம் தீர்த்தல் (சாமி கொடுக்கும் பரிகாரத்தைச் செய்தல்). பெரியவர்கள் சறுக்குவது முதலாவதிலேயே. வரிசையில் நின்றபடி யோசிப்பது ஆன்ம சோதனை ஆகாது. முந்தின நாள் இரவு கால் மணி நேரம் உட்கார்ந்து, பத்துக் கட்டளையையும் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்க்க வேண்டும். ஆறிலும் (விபசாரம்) ஏழிலும் (களவு) நின்று யோசிப்பவர்கள் எட்டை ஓடிக் கடந்துவிடுவார்கள். பொய்சாட்சி என்றதும் கோர்ட்டுதான் ஞாபகம் வருகிறது. பக்கத்து வீட்டாரைப் பற்றி வாட்ஸ்அப்பில் தட்டிவிட்டதும் அதில்தான் சேரும்.

உபதேசியார் வீடு:
"கோபப்பட்டேன் சாமி, பொய் சொன்னேன் சாமி" என்று மொத்தமாகச் சொல்லிவிட்டு எழுந்துவிடுகிறார்கள். சாவான (மிகக் கனமான) பாவத்துக்கு என்ன வகை, எத்தனை முறை இரண்டும் வேண்டும். 1983-இல் வந்த திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 988-ஆம் எண் கேட்பது அதைத்தான். சரியான கணக்கு நினைவில்லையா? "ஒரு வருஷமாக, மாதம் இரண்டு மூன்று தடவை" என்றால் போதும். உண்மையிலேயே மறந்துபோனதும் மற்றவற்றோடு மன்னிக்கப்படும். நினைவு வந்தால் அடுத்த முறை சொல்ல வேண்டும். சாவான பாவத்தை வெட்கப்பட்டு வேண்டுமென்றே மறைத்தால் அந்தப் பாவசங்கீர்த்தனமே செல்லாது. மாமியார் என்ன சொன்னார் என்ற கதை வேண்டாம், அது அவர் கணக்கு!

மேலத்தெரு:
மாமியார் விஷயம் நூற்றுக்கு நூறு 😄 அபராதமாக மூன்று 'அருள் நிறைந்த மரியே' ஜெபம் சொன்னதோடு எல்லாம் தீர்ந்ததென்று நினைக்கிறார்களே, அதையும் சேருங்கள். திருடி எடுத்த பணம் உரியவர் கைக்குத் திரும்பப் போக வேண்டும். நேரில் கொடுக்க முகமில்லையென்றால் பெயர் சொல்லாமல் சேர்ப்பிக்கலாம். சாமி கொடுத்த அபராதம் நம்மால் முடியாதது என்றால் அங்கேயே சொல்லி வேறு கேட்கலாம். செய்ய முடிந்ததென்றால் கோயிலை விட்டு இறங்குமுன் செய்துவிடுங்கள், தள்ளிப்போட்டால் மறந்துபோகும்.

புதிய உறுப்பினர்:
மனஸ்தாப மந்திரம் பாதியில் மறந்துவிட்டால்?

மறைக்கல்வி டீச்சர்:
சொந்த வார்த்தையில் சொல்லுங்கள். செய்ததற்கு வருத்தமும் இனிச் செய்யமாட்டேன் என்ற உறுதியும் அதில் இருக்க வேண்டும். கடைசியாக எப்போது பாவசங்கீர்த்தனம் செய்தீர்கள் என்பதை முதலிலேயே சொல்லிவிட்டால், தடுமாறும் இடத்தில் சாமியே எடுத்துக்கொடுப்பார். ஈஸ்டருக்கு முந்தின பெரிய வாரக் கூட்டத்தில் அதற்கெல்லாம் அவருக்கு நேரம் இருக்காது. சாதாரண வாரத்தில் போய்ப் பாருங்கள். வருஷத்துக்கு ஒரு தடவை என்பது 1215-இல் லாத்தரன் சங்கம் (திருச்சபை ஆயர்களின் பொதுக்கூட்டம்) வைத்த குறைந்தபட்சம்தான்.