கலைச்சொல் தேவை: கணினி திடீரென உறைவதற்கும், சொல்லாமல் தானே மறுபடி எழுவதற்கும்

மடல் 1 — கையேடு எழுதுபவர், மயிலாப்பூர்

குழுவினர்க்கு வணக்கம்.

ரிச்சி தெருவில் பாகம் பாகமாக வாங்கி வீட்டிலேயே அசெம்பிள் செய்கிறவர்களுக்காகப் பழுதறியும் கையேடு ஒன்றைத் தமிழில் எழுதி வருகிறேன். ஒரே இடத்தில் முட்டி நிற்கிறது. "ரேண்டம் ஃப்ரீஸ்", "ரேண்டம் ரீபூட்" இரண்டுக்கும் சொல் வேண்டும். இப்போதைக்கு "சமவாய்ப்பு உறைவு", "சமவாய்ப்பு மறுதொடக்கம்" என்று வைத்திருக்கிறேன். பள்ளிக் கணக்குப் புத்தகத்தில் ரேண்டம் என்பது சமவாய்ப்புதானே. வாசித்துப் பார்த்தால் எனக்கே ஒட்டவில்லை. வேறு சொல் இருந்தால் தாருங்கள்.

மடல் 2 — தமிழாசிரியர், தாம்பரம்

வணக்கம் ஐயா.

சமவாய்ப்பு என்பது பகடைக்குரிய சொல். ஆறு முகமும் விழ ஒரே அளவு வாய்ப்பு, அதனால் சமவாய்ப்பு. உங்கள் கணினி அப்படி நிற்பதில்லை. விளையாட்டு ஓடும்போது மட்டும் நிற்கும், அல்லது சும்மா கிடக்கும்போது மட்டும் நிற்கும். ஈழத்தார் பாடநூலில் வழங்கும் "எழுமாற்று" கேட்க அழகு, ஆனால் அதுவும் கணக்குச் சொல்லே. காரணம் இருக்கிறது, நமக்குப் பிடிபடவில்லை. அந்த நிலையில் "காரணமே இல்லாதது" என்று பொருள்படும் அடைமொழியை முன்னால் ஒட்டினால், படிக்கிறவர் தேடுவதை விட்டுவிடுவார். அடைமொழி தேவையென்றால் "திடீர்" போதும்.

"உறைவு" பற்றியும் ஒரு தயக்கம். "சூடு ஏறியதால் கணினி உறைந்தது" என்று எழுதிப் பாருங்கள். தண்ணீர் குளிரில் உறையும், பால் உறை ஊற்றினால் உறையும். சூட்டில் உறைவது தமிழ்க் காதில் இடறுகிறது. ஆங்கிலச் சொல்லின் நிழல் அது.

மடல் 3 — கணினி பழுதுபார்ப்பவர், சிந்தாதிரிப்பேட்டை

அம்மாவுக்கு வணக்கம். நீங்கள் சொன்னது சரி. சொல் தேடுவதற்கு முன்னால் எத்தனை சொல் வேண்டும் என்று முடிவு செய்வோம். என் கணக்கில் இரண்டு போதாது, நான்கு. "சிஸ்டம் ஹேங் ஆகுது" என்று ஒரே பேச்சில் சொல்கிறார்கள். உள்ளே நான்கு வெவ்வேறு கோளாறு, ஒவ்வொன்றுக்கும் கை வைக்க வேண்டிய இடம் வேறு.

ஒன்று: சில விநாடி நின்று பிறகு தானாகவே ஓடுவது. மௌஸ் நகரும், எதுவும் திறக்காது. பெரும்பாலும் கோளாறு எஸ்எஸ்டி (கோப்புகளைச் சேமிக்கும் டிரைவ்) பக்கம். விண்டோஸின் நிகழ்வுப் பதிவேடான ஈவென்ட் வியூவரில் எண் 129 இருந்தால் அதுவே சாட்சி. எஸ்எஸ்டியின் ஃபர்ம்வேரை (உள்ளே பதிந்திருக்கும் மென்பொருள்) புதுப்பித்து, கழற்றி மாட்டி, கேபிளில் இணையும் சாட்டா வகை என்றால் கேபிளையும் மாற்றிப் பாருங்கள்.

இரண்டு: நின்றது நின்றதுதான், பட்டனை அழுத்திப் பிடித்துத்தான் அணைக்க வேண்டும். இங்கே முதலில் நம்லாக் விசையைத் தட்டுங்கள். விளக்கு மாறினால் உள்ளே உயிர் இருக்கிறது, திரை மட்டும் செத்திருக்கிறது. கிராபிக்ஸ் கார்டையும் அதன் டிரைவரையும் பாருங்கள். விளக்கு மாறவில்லை என்றால் முழுக் கணினியும் நின்றுவிட்டது. புது அசெம்பிளியில் இதற்கு முதல் சந்தேகம் ரேம் மேல்தான். பயாஸில் (மதர்போர்டின் அடிப்படை அமைப்புத் திரை) ரேமைக் கூடுதல் வேகத்தில் ஓட்டும் எக்ஸ்எம்பி அல்லது எக்ஸ்போவை அணைத்துவிட்டு ஓட்டுங்கள். 3600 வேகத்துக்கு வாங்கிய டிடிஆர்4 ரேம் பெரும்பாலும் 2133-க்கு இறங்கும், டிடிஆர்5 பெரும்பாலும் 4800-க்கு. பிரச்சினை தீர்ந்தால் உடனே ரேம் கெட்டது என்று கடைக்குத் தூக்கிப்போக வேண்டாம். பிராசஸருக்குள் இருக்கும் மெமரி கன்ட்ரோலர் அந்த வேகத்தைத் தாங்காமலும் இருக்கலாம், நான்கு ரேம் குச்சி போட்டிருந்தால் இன்னும் அதிகமாக. இரண்டு குச்சி என்றால் பிராசஸரிலிருந்து எண்ணி இரண்டாவது, நான்காவது ஸ்லாட்டில் இருக்க வேண்டும். பிறகு ஒரு குச்சியை மட்டும் வைத்து ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட் நான்கு சுற்று, அடுத்து மற்றதை அதே ஸ்லாட்டில் நான்கு சுற்று. ஒரே ஒரு பிழை வந்தாலும் தேர்ச்சி இல்லை.

இதிலேயே ஒரு கிளை: சுமை ஏற்றினால் நன்றாக ஓடும், சும்மா விட்டால் நின்றுவிடும். முதல் தலைமுறை ஏஎம்டி ரைசன் பிராசஸர்களில், அதிலும் லினக்ஸில், இது தெரிந்த கோளாறு. பயாஸில் "பவர் சப்ளை ஐடில் கன்ட்ரோல்" என்பதை "டிபிக்கல் கரண்ட் ஐடில்" என்று மாற்ற வேண்டும்.

மூன்று: நிற்காமலே அணைந்து தானே மறுபடி பூட் ஆவது. முதல் வேலை, விண்டோஸின் "ஆட்டோமேட்டிக்கலி ரீஸ்டார்ட்" டிக்கை எடுங்கள். அப்போதுதான் விண்டோஸின் பிழைச் செய்தியான நீலத்திரை வந்தால் திரையிலேயே நிற்கும். நீலத்திரையே இல்லாமல் ஈவென்ட் வியூவரில் கெர்னல்-பவர் 41 மட்டும் இருந்து, அதன் உள்ளே பக்செக்கோடு (பிழை எண்) 0 என்றிருந்தால், விண்டோஸுக்கு எழுதி வைக்கவும் நேரம் கிடைக்கவில்லை என்று பொருள். அந்த 41 நோயின் பெயர் அல்ல. "போன தடவை ஒழுங்காக அணைக்கவில்லை" என்ற குறிப்பு மட்டுமே. அதன் பக்கத்தில் வன்பொருள் பிழைப் பதிவான டபிள்யூஎச்இஏ-லாகர் 18 இருந்தால் சந்தேகம் பிராசஸர் மேலும் அதன் வோல்டேஜ் மேலும். இன்டெல் 13, 14-ஆம் தலைமுறை டெஸ்க்டாப் பிராசஸர் என்றால் பயாஸைப் புதுப்பிக்காமல் வேறெதையும் தொடாதீர்கள். அதிக வோல்டேஜ் கேட்டு வாங்கித் தன்னையே தேய்த்துக்கொள்ளும் குறைக்கு 2024 ஆகஸ்டிலும் செப்டம்பரிலும் மைக்ரோகோட் (பிராசஸரின் உள்ளிருக்கும் நிரல்) திருத்தம் வந்தது. ஏற்கெனவே தேய்ந்த பிராசஸரைத் திருத்தம் குணமாக்காது, வாரன்டியில் மாற்றத்தான் வேண்டும். பாதிக்கப்பட்ட மாடல்களுக்கு வாரன்டியை இரண்டு ஆண்டு நீட்டித்திருக்கிறார்கள்.

அதுவும் இல்லையென்றால் மின்சாரம். கிராபிக்ஸ் கார்டு ஒரு மில்லிவினாடிக்குச் சட்டென இழுக்கும் மின்சாரம் அதன் சராசரியைப்போல் இரண்டு மடங்குகூடப் போகும். 8 பின் இணைப்பு ஒன்றுக்கு 150 வாட் கணக்கு. ஒரே கேபிளின் இரண்டு தலையையும் கார்டில் செருகாமல் எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து (கணினிக்கு மின்சாரம் தரும் பெட்டி) தனித்தனிக் கேபிள் இழுங்கள். 12 வோல்ட் தடம் 11.4-க்குக் கீழே இறங்கக் கூடாது.

சென்னையில் இன்னொன்று, வீட்டு இன்வெர்ட்டர். எஸ்எம்பிஎஸ் மின்சாரம் இல்லாமல் முழுச்சுமையில் சுமார் 16 மில்லிவினாடிதான் தாங்கும், 50 ஹெர்ட்ஸில் ஓர் அலைகூட முழுதாக இல்லை. கரண்ட் போய் இன்வெர்ட்டர் எடுத்துக்கொள்ளும் இடைவெளி அதைவிட நீண்டால், ஃபேனும் லைட்டும் ஓடிக்கொண்டே இருக்கும், கணினி மட்டும் விழும். இன்வெர்ட்டரில் யூபிஎஸ் முறை இருந்தால் அதில் வையுங்கள், இல்லையென்றால் கணினிக்குத் தனி யூபிஎஸ். இத்தனைக்கும் பிறகு கேபினெட்டின் ரீசெட் சுவிட்ச் வயரை மதர்போர்டிலிருந்து பிடுங்கிவிட்டு ஒருநாள் ஓட்டுங்கள். சிக்கிக்கொண்ட சுவிட்சும் இதே வேலையைச் செய்யும்.

நான்கு: அணைந்து, அணைந்தே கிடப்பது. கூலரின் அடியில் ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் தாளை உரிக்காமல் மாட்டினால் இது நடக்கும். வெப்ப எல்லையைத் தாண்டியதும் பிராசஸர் தானே மின்சாரத்தை வெட்டிவிடும். எஸ்எம்பிஎஸ் தன்னைக் காத்துக்கொள்ள வெட்டினாலும் இப்படித்தான். பின்பக்க சுவிட்சை அணைத்துச் சற்று நேரம் விட்டால்தான் எழும். மதர்போர்டுக்கு அடியில் தேவையில்லாத இடத்தில் ஒரு ஸ்டாண்ட்ஆஃப் (போர்டைத் தாங்கும் உலோகக் கால்) முட்டிக்கொண்டிருந்தாலும் ஷார்ட் ஆகி இதே கதை.

மூன்றுக்கும் நான்குக்கும் ஒரே சொல் போட்டுவிடாதீர்கள் என்பதுதான் என் வேண்டுகோள். மின்னழுத்தம் ஒரு கணம் சறுக்கினால் போர்டு ரீசெட் ஆகி எழும். பாதுகாப்பு வெட்டியிருந்தால் எழாது.

மடல் 4 — கையேடு எழுதுபவர்

நன்றி. பட்டியலைப் பார்த்தபின் முதல் வகைக்குச் சொல் தேடவே வேண்டாம். மக்கள் வாயிலேயே "திணறுது" இருக்கிறது, "திணறல்" என்று வைத்துக்கொள்கிறேன். இரண்டாவதுக்கு "முடக்கம்"?

மடல் 5 — தமிழாசிரியர்

> இரண்டாவதுக்கு "முடக்கம்"?

வேண்டாம் ஐயா. முடக்கம் என்றால் யாரோ முடக்கியது. வங்கிக் கணக்கை முடக்குகிறார்கள், 2020-இல் ஊரையே முடக்கினார்கள். கணினியை யாரும் முடக்கவில்லை. "விறைப்பு" நல்ல சொல், ஆனால் மருத்துவத்தில் வேறு பொருளில் நிலைத்துவிட்டது.

"மரத்தல்" எப்படி? கால் மரத்துப்போனால் கிள்ளினாலும் உறைக்காது. தம்பி சொன்ன நம்லாக் சோதனையே அதுதானே: தொட்டுப் பார்க்கிறோம், உணர்வில்லை. சூட்டிலும் மரக்கும், குளிரிலும் மரக்கும், காரணத்தைச் சொல் முன்கூட்டியே தீர்மானிப்பதில்லை. "திரை மரத்தல்", "முழு மரத்தல்" என்று பிரிக்கவும் வசதி.

மூன்றாவதுக்கு "விழுந்தெழல்". மறுதொடக்கம் நாம் கட்டளையிட்டுச் செய்வது. இது கேட்காமல் விழுந்து, தானே எழுவது. நான்காவது "விழுந்துகிடத்தல்". இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் வேறுபாடு விளக்காமலே விளங்கும்.

மடல் 6 — கணினி பழுதுபார்ப்பவர்

அம்மா, "விழுந்தெழல்" நூற்றுக்கு நூறு. வாடிக்கையாளரிடம் போனில் "விழுந்து எழுதா, விழுந்தே கிடக்குதா?" என்று கேட்டாலே பாதி வேலை முடியும்.

"மரத்தல்" பேச்சில் "மரத்துப்போச்சு" என்று வரும், பழகிவிடும். ஆனால் விளக்கத்தில் ஒன்றைச் சேருங்கள். டிடிஆர்5 போர்டை முதல்முறை ஆன் செய்தால் ரேமைப் பழக்கிக்கொள்ளச் சில நிமிடம் கறுப்புத் திரையோடு நிற்கும். பயாஸ் புதுப்பித்த பிறகும், சிமாஸ் (பயாஸ் அமைப்புகளின் நினைவு) அழித்த பிறகும் அப்படியே. அது மரத்தல் அல்ல. பயந்து நடுவில் அணைத்தால் மறுபடி முதலிலிருந்து தொடங்கும்.

மடல் 7 — கையேடு எழுதுபவர்

இருவருக்கும் நன்றி. கையேட்டில் இப்படி அச்சாகிறது:

மரத்தல் (வினை: மரத்துப்போ): இயங்கும் கணினியின் திரை மட்டுமோ முழுக் கணினியுமோ உள்ளீட்டுக்கு மறுவினை தராமல் நிற்பது, தானே மீளாதது. முதல்முறை ரேம் பழகும் நேரம் இதில் சேராது.

விழுந்தெழல் (வினை: விழுந்தெழு): கட்டளையின்றி அணைந்து தானே மீண்டும் பூட் ஆவது.

"திடீர்" என்ற அடைமொழியையும் எடுத்துவிட்டேன். அந்த இடத்தில் "எப்போது?" என்று ஒரு கட்டம் போட்டிருக்கிறேன்: விளையாடும்போது, சும்மா இருக்கையில், கரண்ட் மாறும்போது.