புதுப்பிப்பு: சாகஸ் நோயில் இதயத்தைக் கெடுப்பது எது?

லத்தீன் அமெரிக்காவில் பெரும்பாலும் ஒரு வகை மூட்டைப்பூச்சி மூலம் பரவும் சாகஸ் ஒட்டுண்ணி உடலில் புகுந்து இருபது, முப்பது வருடம் கழித்து இதயத்தைப் பழுதாக்குவது பற்றி முன்பு எழுதியிருந்தேன். நம் எதிர்ப்புச் சக்தியே இதயத்தைத் தாக்குகிறது என்ற விளக்கத்தைச் சொல்லியிருந்தேன். "அப்படியானால் ஒட்டுண்ணியைக் கொன்று என்ன பயன்?" என்று சிலர் கேட்டீர்கள். நல்ல கேள்வி.

ஒட்டுண்ணியின் பி13 என்ற புரதத்தில் ஒரு துண்டு, நம் இதயத் தசையைச் சுருங்க வைக்கும் மயோசின் என்ற புரதத்தைப் போலவே இருக்கிறது. நோயாளிகளின் இதயத்திலிருந்து எடுத்த டி செல்களில் (எதிர்ப்புச் சக்தியின் வெள்ளணுக்கள்) சில இரண்டையுமே எதிரியாகப் பார்க்கின்றன. இது வலுவான சான்றுதான். ஆனால் நுண்ணோக்கியில் ஒட்டுண்ணியே தெரியாத இதயத் திசுவிலும் பிசிஆர் சோதனை அதன் டிஎன்ஏவைக் காட்டியது. அப்புறம், இதய மாற்று செய்து எதிர்ப்புச் சக்தியை மருந்தால் அடக்கினால், பதுங்கியிருந்த ஒட்டுண்ணி மீண்டும் பெருகிப் புது இதயத்தையும் தாக்கலாம். ஆகவே நம் எதிர்ப்புச் சக்தி நம்மையே தாக்கும் தன்னெதிர்ப்பு மட்டுமே காரணம் என்பதை நான் ஏற்கவில்லை. ஒட்டுண்ணி உள்ளே இருப்பதுதான் இதயத்தின் அழற்சியை அணையவிடாமல் வைத்திருக்கிறது.

சரி, மருந்து? 2015இல் வெளியான பெனிஃபிட் ஆய்வில், ஏற்கெனவே இதயம் கெட்ட 2,854 பேரில் பென்ஸ்நிடசோல் என்ற ஒட்டுண்ணிக்கொல்லி மருந்து ஒட்டுண்ணியைக் குறைத்தது. இதயம் மேலும் கெடுவதைக் குறிப்பிடும்படி தடுக்கவில்லை. அதனால்தான் சீக்கிரமே கொடுக்க வேண்டும் என்கிறேன். குழந்தைகளுக்கு நன்றாகவே கேட்கிறது. பெண்களுக்குக் கருத்தரிக்கும் முன்பே கொடுத்தால், பிள்ளைக்குத் தொற்றுவதும் பெருமளவு குறைகிறது.