மசக்கை வாந்திக்குக் கஞ்சா எண்ணெய் எடுக்கலாமா?

குமுளிக்காரி:
பத்தாவது வாரம் நடக்கிறது. ஒரு வாய் கஞ்சி கூடத் தங்கமாட்டேன் என்கிறது. வீட்டுக்காரருக்கு ஏலக்காய் ஸ்டோரில் வேலை, அவர் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினாலே எனக்குக் குமட்டிக்கொண்டு வருகிறது, ஊரே வாந்திக்கு ஏலக்காயை மெல்லச் சொல்கிறது, எனக்கோ அந்த வாசனைதான் எமன். கம்பத்திலிருந்து வந்த சின்ன மாமியார், அந்தக் காலத்தில் கஞ்சா இலையைப் பாலில் அரைத்துக் கொடுப்பார்கள், வாந்தி நின்றுவிடும் என்கிறார். கொழுந்தன் போனில் 'விஜயா' என்ற ஆயுர்வேதப் பெயரில் அந்த இலை எண்ணெயைக் காட்டி, சட்டப்படியே வாங்கலாம் மதினி, நாக்குக்கு அடியில் இரண்டு சொட்டு போதும் என்கிறான். யாராவது எடுத்திருக்கிறீர்களா? டாக்டரிடம் கேட்கப் பயமாக இருக்கிறது, கேஸ் கீஸ் ஆகிவிடுமோ என்று.

வார்டு அக்கா:
வேண்டாம் தங்கச்சி. கேட்பதற்கெல்லாம் கேஸ் கிடையாது, அதை முதலில் விடு. 1985 போதைப்பொருள் சட்டத்தில் பூவும் காயும் உள்ள நுனிதான் கஞ்சா, தனி இலை அந்தக் கணக்கில் வராது, அந்தச் சந்தில்தான் இந்த எண்ணெய் விற்பனைக்கு வருகிறது. சட்டம் விட்டுவிட்டது என்பதற்காகக் குழந்தைக்கு ஆகும் என்று அர்த்தமில்லை. இலையிலும் போதை தரும் டிஎச்சி உண்டு, அது நஞ்சுக்கொடி தாண்டிக் குழந்தைக்குப் போகிறது, கொழுப்பில் தங்கி மெதுவாகத்தான் வெளியேறும். கர்ப்பத்தில் கஞ்சா எடுத்தவர்களுக்கு எடை குறைந்த குழந்தையும் குறைப்பிரசவமும் கூடுதலாகப் பதிவாகியிருக்கின்றன. இரண்டு சொட்டு என்கிறானே, இத்தனை சொட்டு வரை பரவாயில்லை என்று கர்ப்பிணிகளுக்கு யாரும் அளவு கண்டுபிடித்து வைக்கவில்லை. அது இருக்கட்டும், சிறுநீர் எப்படிப் போகிறது? எட்டு மணி நேரமாகப் போகவில்லை, அல்லது கரும்மஞ்சளாகப் போகிறது, எழுந்தால் தலை சுற்றுகிறது என்றால் இதைப் படித்துக்கொண்டு உட்காராதே, இன்றைக்கே போய் டிரிப் ஏற்றிக்கொள்.

போடிக்காரன்:
அமெரிக்காவில் கடையிலேயே கர்ப்பிணிகளுக்குக் கொடுக்கிறார்கள். இங்கேதான் மூலிகை என்றாலே பயப்படுகிறோம். இயற்கையாக முளைப்பதுதானே?

பீர்மேடு அம்மா:
தம்பி, எருக்கும் இயற்கையாக முளைப்பதுதான். அந்தக் கடைக்கதையைக் கேளுங்கள். கொலராடோவில் ஆய்வாளர்கள் 400 கஞ்சாக் கடைகளுக்குக் கர்ப்பிணி மாதிரி போன் போட்டு வாந்திக்கு என்ன செய்யலாம் என்று கேட்டார்கள், பத்தில் ஏழு கடை எங்கள் சரக்கை எடுங்கள் என்றது. 2018-ல் இது வெளிவந்தது. அங்கே உள்ள மகப்பேறு மருத்துவர் சங்கமோ எடுக்காதீர்கள் என்றுதான் சொல்கிறது. கல்லாவில் உட்கார்ந்திருப்பவன் டாக்டரா? வாந்தி மாத்திரை என்ற பெயரில் தாலிடமைடு விற்று, கைகால் இல்லாமல் குழந்தைகள் பிறந்து 1961-ல் நிறுத்திய பிறகுதான் உலகமே கர்ப்பிணிக்கு எதைக் கொடுப்பது என்று யோசிக்கத் தொடங்கியது.

எனக்கு இரண்டாவதில் ஆறு கிலோ குறைந்தது. பிள்ளை வேண்டாம் என்ற மனசு, அதுதான் இப்படிக் கக்குகிறாள் என்று பேச்சு வேறு. 2023-ல்தான் தெரிந்தது, கருவின் பக்கமிருந்து வரும் ஜிடிஎஃப்15 என்ற ஹார்மோன்தான் பெரிய காரணமாம், மனசுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. டாக்சிலமைன் என்ற மருந்தும் பி6 வைட்டமினும் சேர்ந்த மாத்திரை கொடுத்தார்கள், அதில் கொஞ்சம் தூக்கம் வரும். பாதிப் பேருக்கு மேல் 16, 20 வாரத்துக்குள் அடங்கிவிடும், எனக்கு 17. அதுவரை பொரியும் நார்த்தங்காய் ஊறுகாயும்தான் சோறு.

வார்டு அக்கா:
ஒன்று விட்டுப்போச்சு. வருஷக்கணக்கில் கஞ்சா எடுக்கிறவர்களுக்கு அதனாலேயே விடாத வாந்தி வரும், வெந்நீரில் நின்றால்தான் அடங்கும். ஏற்கனவே பழக்கம் உள்ளவர்கள் யாராவது இதைப் படித்தால் டாக்டரிடம் மறைக்காதீர்கள், மறைத்தால் அவர் வேறு எதையோ தேடிக்கொண்டிருப்பார்.

குமுளிக்காரி:
நேற்று போனேன் அக்கா. சிறுநீரில் கீட்டோன் இருந்ததாம், சாப்பாடு இறங்காமல் உடம்பு கொழுப்பைக் கரைக்கும்போது வருவதாம், இரண்டு பாட்டில் ஏற்றினார்கள். எண்ணெயைப் பற்றியும் கேட்டுவிட்டேன், திட்டவில்லை, வேண்டாம் என்று சொல்லி ராத்திரிக்கு மாத்திரை எழுதிக் கொடுத்தார். காலையில் அரை இட்லி தங்கியது. வீட்டுக்காரர் இப்போது சட்டையைத் திண்ணையிலேயே கழற்றிவிட்டுத்தான் உள்ளே வருகிறார், பக்கத்து வீட்டில் சிரிக்கிறார்கள்.