டிஜே ராங்ளர், 33 இன்ச் டயர்: ஆக்ஸில் ரேஷியோ என்னன்னு கண்டுபிடிக்கிறது எப்படி? 4.10-ஆ, 4.56-ஆ?

வாடி_வழிப்போக்கன்:

எல்லாருக்கும் வணக்கம். வண்டி 2001 ஜீப் ராங்ளர் டிஜே. 4.0 லிட்டர், 5 கியர் மேனுவல், கியர்பெட்டி என்வி3550, டிரான்ஸ்ஃபர் கேஸ் (சக்தியை முன், பின் ஆக்ஸிலுக்குப் பிரிக்கிற பெட்டி) என்பி231. நான் மூணாவது ஓனர். வாங்கும்போதே 33x10.5ஆர்15 டயர் மாட்டியிருந்தது. ஷார்ஜாவுல வார நாள்ல ஹைவே 120, லீவு நாள்ல மணல், குளிர் மாசத்துல ஹஜர் மலை வாடிகள் (வறண்ட ஆத்துப் படுகை).

மணல்ல 4எச் (நாலு சக்கர ஓட்டம்) போட்டா வண்டி திணறுது, 2-ம் கியரைத் தாண்டவே முடியல. சரளை ரோட்டுல 4எச்-ல நேரா போனாலே ஸ்டியரிங் கையைப் பிடிச்சு இழுக்குது. 2எச்-க்கு (பின் சக்கர ஓட்டம் மட்டும்) திரும்ப லீவர் லேசுல வர மாட்டேங்குது, ரிவர்ஸ்ல ரெண்டடி எடுத்தாத்தான் விடுது.

சேசிஸ் நம்பரை வெச்சு டீலர்கிட்ட கேட்டதுல ஆக்ஸில் ரேஷியோ, அதாவது சக்கரம் ஒரு சுத்துக்கு ஷாஃப்ட் எத்தனை சுத்துங்கிற கணக்கு, 3.07-னு சொன்னாங்க. பின் ஆக்ஸில் மூடியில ரேஷியோ டேக் இல்ல. ஜிபிஎஸ்ல சரியா 100 ஓடும்போது மீட்டர் 104 காட்டுது, அதனால மீட்டர் பக்கம் பிரச்னை இல்லன்னு நினைக்கிறேன். 4.10 போடணுமா, 4.56 போடணுமா? ரேஷியோவை உறுதியா தெரிஞ்சுக்க மூடியைத் திறந்தே ஆகணுமா?

பல்சக்கரம்:

4.10, 4.56 பேச்சுக்கு அப்புறம் வருவோம். நீங்க சொன்ன 104 தான் இடிக்குது.

225/75ஆர்15 ஸ்டாக் டயர் 28.3 இன்ச் உயரம். கம்பெனி 3.07, கம்பெனி ஸ்பீடோ (வேக மீட்டர்) கியரோட 33 மாட்டினா, 100-ல மீட்டர் 86 பக்கம் காட்டணும். 28.3-ஐ 33-ஆல வகுத்தா அதுதான் வருது. உங்களுக்கு 104. அப்போ யாரோ ஸ்பீடோ கியரை மாத்தியிருக்கணும், இல்லேன்னா பின் ஆக்ஸிலே 3.07 இல்ல. ரெண்டாவதுன்னா கணக்கு கச்சிதமா உட்காருது: 3.73-ஐ 3.07-ஆல வகுத்து 0.858-ஆல பெருக்குங்க, 1.04 வரும்.

மேனுவல் வண்டியில ஸ்பேனர் தொடாம பார்க்க ஒரு வழி உண்டு. 2எச், 5-ம் கியர், ஜிபிஎஸ்ல 100 பிடிச்சு நிறுத்தி ஆர்பிஎம் பாருங்க. என்வி3550-ல 5-ம் கியர் 0.78. 33 டயர் உருளும் சுற்றளவு ஏறக்குறைய 2.55 மீட்டர், அதாவது 100-ல சக்கரம் நிமிஷத்துக்கு 654 சுற்று. 3.07-ன்னா முள் 1,560 கிட்ட நிக்கும், 3.73-ன்னா 1,900. இந்த வித்தியாசம் கண்ணுக்கே தெரியும். ஆட்டோமேட்டிக்ல கன்வெர்ட்டர் லாக் ஆகாத வரைக்கும் இந்தக் கணக்கை நம்பாதீங்க.

ஆனா இது பின் ஆக்ஸிலை மட்டும்தான் சொல்லும். முன்னாடி தனியா எண்ணணும். கம்பெனி ரெக்கார்டு, டேக் எல்லாம் வண்டி பிறந்தப்ப இருந்த ஜாதகம். 20 வருஷத்துல ஆக்ஸில் எத்தனை கை மாறியிருக்கும்னு அதுக்குத் தெரியாது.

எண்ணுற முறை. முன் சக்கரம் ரெண்டுக்கும் முன்னும் பின்னும் கட்டை வைங்க. டிரான்ஸ்ஃபர் கேஸை 2எச்-ல வெச்சு, கியரை நியூட்ரல்ல போட்டு ஹேண்ட்பிரேக்கை எடுங்க. பின் பக்கம் ஒரு சக்கரத்தை மட்டும் ஜாக்கியில தூக்கி, ஆக்ஸில் குழாய்க்கு அடியில ஸ்டாண்டு கொடுங்க. ஜாக்கியை மட்டும் நம்பி அடியில போகக் கூடாது. டயர் அடியில சாக்பீஸ் கோடு, பினியன் (ஷாஃப்ட் முனையில ஆக்ஸிலுக்குள்ள இருக்கிற சின்னப் பல்சக்கரம்) பக்கம் ஷாஃப்ட்டுல டேப் ஒட்டி ஒரு கோடு. ஒருத்தர் டயரைச் சுத்த, ஒருத்தர் ஷாஃப்ட்டை எண்ணணும். ஒரு சக்கரம் தரையில இருக்கறதால, தூக்கின சக்கரம் ரெண்டு சுத்து சுத்தினா க்ரவுன் (பினியன் சுத்துற பெரிய பல்சக்கரம்) ஒரு சுத்துதான். 2 சுத்துல நிறுத்தினா 3.55-க்கும் 3.73-க்கும் வித்தியாசம் பிடிபடாது. 20 சுத்து சுத்துங்க. ஷாஃப்ட் 30 முக்கால் சுத்தினா 3.07, முப்பத்தஞ்சரை 3.55, 37-ம் கொஞ்சமும் 3.73, 41 வந்தா 4.10.

ஒத்தச் சக்கரம் சுத்தவே மறுத்தா உள்ளே எல்எஸ்டி (ரெண்டு சக்கரத்தையும் சேர்த்துப் பிடிக்கிற டிஃபரென்ஷியல்) இருக்குன்னு அர்த்தம். அப்ப ரெண்டு பின் சக்கரத்தையும் தூக்கி, ரெண்டையும் ஒரே பக்கமா 10 சுத்து சுத்தினா அதே எண்ணிக்கை கிடைக்கும். எல்எஸ்டி இல்லாத வண்டியில ரெண்டையும் தூக்கினா எதிர்ச் சக்கரம் தலைகீழா சுத்தும், ஷாஃப்ட் சும்மா நிக்கும், எண்ணிக்கையே கிடைக்காது.

முன் ஆக்ஸிலுக்கு டிரான்ஸ்ஃபர் 2எச்-ல, ஹேண்ட்பிரேக் போட்டு, பின் சக்கரத்துக்குக் கட்டை. மத்ததெல்லாம் அதேதான்.

அப்படியே பின் மூடியையும் பாருங்க. டிஜே-ல டானா 35 ரக ஆக்ஸிலோட மூடி முட்டை வடிவம், ஆயில் ஊத்துற இடத்துல ரப்பர் அடைப்பான். டானா 44-ல மூடி பட்டை பட்டையா வெட்டின மாதிரி, மரை போட்ட பிளக்.

வாடி_வழிப்போக்கன்:

சார், எண்ணிட்டேன். பின்னாடி ஒத்தச் சக்கரம் அசையல, ரெண்டையும் தூக்கி 10 சுத்து: ஷாஃப்ட் 37-ம் கால் சுத்துக்குச் சற்று மேலயும். முன்னாடி 20 சுத்துக்கு 30 முக்கால், ரெண்டு தடவை எண்ணிப் பார்த்துட்டேன். பின் மூடி பட்டை வெட்டு, மரை பிளக். 100-ல ஆர்பிஎம் 1,900.

பல்சக்கரம்:

பின்னாடி 3.73 டானா 44, டிராக்-லாக் எல்எஸ்டி. முன்னாடி கம்பெனி டானா 30, 3.07. யாரோ பின் ஆக்ஸிலை மட்டும் வேற வண்டியிலிருந்து கழட்டி மாட்டிட்டு முன்னாடி தொடாம விட்டிருக்காங்க. உங்க எல்லாத் தொந்தரவும் இதுலதான்.

4எச் போட்டதும் முன், பின் ஷாஃப்ட் ரெண்டையும் என்பி231 ஒண்ணாப் பூட்டிடும். ஷாஃப்ட் ஒரே வேகம், ஆனா முன் சக்கரம் 21 சதவீதம் வேகமா சுத்தப் பார்க்கும். பின் சக்கரம் 100 மீட்டர் உருள்ற நேரத்துல முன் சக்கரம் 121 மீட்டர் உருளணும். தரை பிடிச்சா டயர் தேயும், பிடிக்கலேன்னா வழுக்கும். நடுவுல மாட்டினது டிரான்ஸ்ஃபர் கேஸ் செயின். மணல்ல இன்ஜின் சக்தி பாதி இந்த இழுபறியிலேயே போகுது. லீவர் விடாம நிக்கிறதும் அதே முறுக்குதான். ரிவர்ஸ் எடுத்தா முறுக்கு தளர்ந்து விட்டுடும்.

முன், பின் ஒண்ணாகிற வரைக்கும் 4எச், 4எல் (மெதுவா, இழுவை கூட உள்ள லோ ரேஞ்ச்) ரெண்டும் வேண்டாம். 2எச்-ல ஓட்டுறதுல குறையில்ல. மணலுக்குப் போகணும்னா முன் ஷாஃப்ட்டைக் கழட்டி வெச்சிட்டு, வேற வண்டித் துணையோட போங்க.

3.54-ம் 3.55-ம், 4.10-ம் 4.11-ம் கலந்தா பரவாயில்ல. 3.55 முன்னாடி, 3.73 பின்னாடின்னு யாராவது 'மணல்ல தெரியாது'ன்னு சொன்னா கேக்காதீங்க.

லோரேஞ்ச்:

ரேஷியோ தேர்வுக்கு வரேன்.

33 டயர், 0.78 ஓவர்டிரைவ், வேகம் 120. 5-ம் கியர்ல 3.73-க்கு 2,280 ஆர்பிஎம், 4.10-க்கு 2,510, 4.56-க்கு 2,790, 4.88-க்கு 2,985. ஸ்டாக் டயரும் 3.07-மா கம்பெனியிலிருந்து வந்தப்ப 120-ல 2,190. அதாவது 33-க்கு 3.73 போட்டா நீங்க முன்னேறல, டயர் சாப்பிட்டதைத் திரும்ப வாங்கியிருக்கீங்க, அவ்வளவுதான். 4.0 இன்ஜின் டார்க் உச்சம் 3,200-ல. 2,500-லிருந்து 2,800 வரைக்கும் ஓடினா அதுக்குச் சுகம், பாலம் ஏறும்போது 4-க்கு இறக்க வேண்டியதில்ல.

லோ ரேஞ்சுல 1-ம் கியர் 4.01, டிரான்ஸ்ஃபர் 2.72. ரெண்டையும் ஆக்ஸிலோட பெருக்கினா 3.07-ல 33.5, 4.10-ல 44.7, 4.56-ல 49.7. 800 ஆர்பிஎம்-ல 3.07 மணிக்கு 3.7 கிலோமீட்டர் தவழும், 4.56 ரெண்டரை. வாடியில பாறை மேல சக்கரத்தை வைக்கிற வித்தியாசம் அந்த ஒரு கிலோமீட்டர்தான். கிளட்சை அரைச்சு ஏறுற பழக்கம் தானா போயிடும்.

என் ஓட்டு 4.56. நெட்ல சுத்துற கலர் சார்ட்டைப் பார்த்து முடிவு பண்ணாதீங்க. அதுல பாதிக்கு மேல எந்தக் கியர்பெட்டிக்குன்னே எழுதியிருக்காது. அதே டிஜே-ல பழைய 3 கியர் ஆட்டோமேட்டிக்கா இருந்தா டாப் கியர் நேரடி 1.00, 33-ல 4.56 போட்டு 120 ஓட்டினா 3,580 ஆர்பிஎம், காது கிழியும். அதுக்கு 3.73 இல்ல 4.10 போதும். 2003-லிருந்து வந்த 4 கியர் ஆட்டோமேட்டிக்ல ஓவர்டிரைவ் 0.69, அதுக்கு 4.56-க்குக் கீழே யோசிக்கவே வேண்டாம்.

4.88 வேண்டாம்னு சொல்றதுக்கும் காரணம் இருக்கு. ரேஷியோ ஏற ஏற பினியன் தலை சிறுக்கும். 3.07 வந்து 43-க்கு 14 பல்லு, 3.73 வந்து 41-க்கு 11, 4.10 வந்து 41-க்கு 10, 4.56 வந்து 41-க்கு 9, 4.88 வந்து 39-க்கு 8. முன் டானா 30-ல 8 பல்லு பினியனை வெச்சு, லாக்கரும் (ரெண்டு சக்கரத்தையும் ஒண்ணாப் பூட்டுற டிஃபரென்ஷியல்) போட்டு, பாறையில ஸ்டியரிங்கை முழுசா ஒடிச்சு ஆக்ஸிலரேட்டர் மிதிச்சா பல்லு பெயரும். 35 டயருக்குப் போறவங்க வேணா அந்த ரிஸ்க் எடுக்கலாம்.

பல்சக்கரம்:

கணக்கு சரி லோரேஞ்ச், காசு கணக்கையும் பார்க்கணுமே.

இந்த ஆக்ஸில்கள்ல கேரியர் (க்ரவுனைத் தாங்குற கூடு) எல்லா ரேஷியோவுக்கும் ஒண்ணு இல்ல. டானா 30-ல 3.54 வரைக்கும் ஒரு கேரியர், 3.73-லிருந்து மேலே இன்னொண்ணு. டானா 44-ல 3.73 வரைக்கும் ஒண்ணு, 3.92-லிருந்து மேலே இன்னொண்ணு. பினியன் சிறுத்தா க்ரவுன் அதுக்கிட்ட நகர்ந்து வரணும், அதுக்குத்தான் கேரியர்ல க்ரவுன் மாட்டுற ஃபிளாஞ்ச் இடம் மாறுது. இவர் கெட்ட நேரம், முன்னாடி 3.07, எங்கே போனாலும் கேரியர் மாத்தணும். பின்னாடி 3.73, அதுவும் சரியா எல்லையில நிக்குது, 4.10 போட்டாலும் 4.56 போட்டாலும் சாதாரண கியர் செட்டுக்கு அந்த டிராக்-லாக் உதவாது.

அதனால வழி ரெண்டு. ஒண்ணு, ஸ்கிராப் யார்டுல 3.73 டானா 30 முழு ஆக்ஸிலா பிடிச்சு முன்னாடி மாட்டுறது. கியர் செட்டிங் கூலி இல்ல, பின்னாடி தொட வேண்டியதில்ல, ஸ்பீடோகூட 4 சதவீதப் பிழையில ஓடுது. வாங்குறதுக்கு முன்னாடி யார்டுலேயே எண்ணிடுங்க. இன்னொண்ணு, ரெண்டு பக்கமும் 4.56. லாக்கர் போடுற எண்ணம் துளி இருந்தாலும் இப்பவே சேர்த்துப் போடுங்க. முழு லாக்கர்னா அதுவே கேரியர், தனியா கேரியருக்குக் காசு போகாது, கூலியும் ஒரே தடவை. இன்னிக்கு 4.56-க்குச் சாதாரண கேரியர் வாங்கிட்டு ஒரு வருஷம் கழிச்சு லாக்கர் போடுறது ரெட்டைச் செலவு. 4.10 ரெண்டுங்கெட்டான், கேரியர் செலவு 4.56 அளவுக்கே வரும், பலன் பாதி.

ஆயில்கறை:

4.56 பண்றதா இருந்தா, கடைக்காரர்கிட்ட டயல் கேஜும் இன்ச்-பவுண்டு டார்க் ரெஞ்சும் இருக்கான்னு முதல்ல பாருங்க. 'கையாலேயே பிடிச்சுப் பார்த்துடுவேன்'ங்கிற ஆளுன்னா வண்டியை எடுத்துட்டு வந்துடுங்க.

டானா 30-க்கு பேக்லாஷ் (பல்லுக்கு நடுவுல விடுற இடைவெளி) ஆயிரத்துல 5-லிருந்து 8 இன்ச் வரைக்கும். புது பேரிங்கில பினியன் பிரீலோடு (பேரிங் இறுக்கம்) 15-லிருந்து 35 இன்ச்-பவுண்டு. கியர் செட்டோட வர்ற தாள்ல வேற எண் இருந்தா அதுதான் கணக்கு. பினியன் நட்டை இறுக்க இறுக்க கிரஷ் ஸ்லீவ் நசுங்கும். கடைசி கொஞ்சம் திடீர்னு ஏறிடும். பிரீலோடு தாண்டிட்டா நட்டைத் தளர்த்திச் சரிபண்ணக் கூடாது, புது ஸ்லீவ் போட்டு ஆரம்பத்துலேருந்து வரணும். ஸ்லீவ் ரெண்டு வாங்கி வெச்சுக்கங்க.

மஞ்சள் மார்க்கிங் பேஸ்ட் தடவி, க்ரவுனைக் கொஞ்சம் தடுத்துப் பிடிச்சுக்கிட்டே சுத்தி, தடம் எங்கே விழுதுன்னு பார்க்கணும். தடம் பல்லோட வேர்ப் பக்கம் விழுந்தா பினியன் ரொம்ப உள்ளே போயிருக்கு, டெப்த் ஷிம்மை (பினியன் ஆழத்தை வைக்கிற தகடு) குறைங்க. நுனிப் பக்கம் விழுந்தா ஷிம் கூட்டுங்க. ஷிம் மாத்தினா பேக்லாஷும் மாறும், மறுபடி அளக்கணும். நாலஞ்சு தடவை கழட்டி மாட்ட வேண்டியிருக்கும், டானா 30-ல கேரியர் ஷிம் பேரிங்குக்குப் பின்னாடி உட்கார்றதால ஒவ்வொரு தடவையும் பேரிங்கை இழுக்கணும். பழைய பேரிங் உள்வட்டத்தைத் தேய்ச்சு லேசா நுழையற மாதிரி வெச்சுக்கிட்டா, செட்டிங் முடியற வரைக்கும் அதை வெச்சே ஓட்டி, கடைசியில புதுசை அடிச்சிடலாம்.

கேரியர் கேப்புல இடது வலது குறி போட்டுக் கழட்டுங்க, மாத்திப் போட்டா பேரிங் போச்சு. க்ரவுன் போல்ட்டு புதுசு, சிவப்பு லாக்டைட்.

ஆயில் முன்னாடி 1.2 லிட்டர், பின் டானா 44-க்கு 1.9. டிராக்-லாக் மாதிரி கிளட்ச் எல்எஸ்டின்னா ஃபிரிக்ஷன் மாடிஃபையர் (கிளட்ச் உரசலைச் சீராக்க ஆயில்ல கலக்குறது) சேர்க்கணும், இல்லேன்னா திரும்பும்போது படபடக்கும். முதல் ஓட்டம் 25 கிலோமீட்டர் மெதுவா, அப்புறம் முழுசா ஆற விடுங்க. 800 கிலோமீட்டர் வரைக்கும் மணல் வேண்டாம், டோ பண்ண வேண்டாம். அதுக்கப்புறம் ஆயில் மாத்துங்க. புது கியரைப் போட்ட அன்னிக்கே நேரா மேட்டுல ஏத்தினா பல்லு சூட்டுல நீலம் பாஞ்சிடும். அப்புறம் வர்ற ஊளைச் சத்தத்துக்கு எந்த ஆயிலும் மருந்தில்ல.

வாடி_வழிப்போக்கன்:

ரொம்ப நன்றி. முன் ஷாஃப்ட்டைக் கழட்டிட்டேன். லாக்கரோட சேர்த்து 4.56-னு முடிவு பண்ணியிருக்கேன். ஸ்பீடோவுக்கு என்ன செய்யணும்?

லோரேஞ்ச்:

டிரான்ஸ்ஃபர் கேஸ் வால் பக்கம் இருக்கிற சென்சாரைக் கழட்டினா அதுல மாட்டின பிளாஸ்டிக் கியர் வெளியே வரும். பல்லை எண்ணுங்க. இப்ப 3.73-ல 4 சதவீதம் கூட காட்டுது, அதனால எண்ணின பல்லை 1.27-ஆல பெருக்குங்க. 4.56-ஐ 3.73-ஆல வகுத்ததும் அந்த 4 சதவீதமும் சேர்ந்ததுதான் 1.27. பக்கத்து முழு எண்ணுக்குக் கியர் வாங்கிப் போடுங்க. அடாப்டர்ல 26-31, 32-38, 39-45-னு குறி இருக்கும். புதுக் கியரோட பல்லு எந்த வரம்புல வருதோ அந்தக் குறி கீழே வர்ற மாதிரி திருப்பி மாட்டணும். திருப்ப மறந்தா பல்லு சரியா கடிக்காம ஒரு வாரத்துல அரைஞ்சு போகும்.