ஔலுவில் சைக்கிள் ஓட்டும்போது கால் விறைக்காமல் இருக்க

பின்லாந்தின் ஔலு நகருக்குப் படிக்கவோ வேலைக்கோ புதிதாக வந்திருக்கும் நம்மவர்கள் அக்டோபர் பிறந்ததும், "குளிர்காலத்திலும் சைக்கிளில் போக முடியுமா?" என்று கேட்கிறார்கள். தாராளமாகப் போகலாம். இங்கே பள்ளிப் பிள்ளைகளே உறைபனியில் சைக்கிளில் போய் வருகிறார்கள். குளிர்கால சைக்கிள் பயணத்துக்கென்றே தொடங்கப்பட்ட சர்வதேச மாநாடு 2013-இல் முதன்முதலாக நடந்ததும் இந்த ஊரில்தான். பாதையை நகராட்சி பார்த்துக்கொள்ளும், ஆணி பதித்த டயர் கடையில் கிடைக்கும், கைக்குத் தடித்த உறை போட்டால் போதும். பலரைச் சைக்கிளை விட்டுவிடச் செய்வது கால்விரல்கள்தான் என்பதால் அதைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

முதல் குளிர்காலத்தில் நான் செய்த தவறிலிருந்தே தொடங்குகிறேன். நகர மையத்திலிருந்து லின்னன்மாவில் உள்ள பல்கலைக்கழகத்துக்கு ஏறக்குறைய 5 கிலோமீட்டர். மைனஸ் 10 டிகிரியில், ஊரிலிருந்து கொண்டுவந்த ஓட்டப்பயிற்சி ஷூவுக்குள் இரண்டு ஜோடி பருத்தி சாக்ஸைத் திணித்துக்கொண்டு போனேன். பாதி வழியிலேயே விரல்கள் மரத்துவிட்டன. மறுநாள் மூன்றாவது ஜோடியையும் சேர்த்துப் போட்டேன், முந்தைய நாளைவிட மோசமாக இருந்தது. சாக்ஸ் கூடக் கூடக் கால் சில்லிடுவதன் காரணம் புரிவதற்கே எனக்கு அந்தப் பருவம் முழுவதும் தேவைப்பட்டது.

சாக்ஸ் தானாகச் சூடு எதையும் தருவதில்லை. காலிலிருந்து வரும் சூட்டை அசையாத காற்று பிடித்து வைத்துக்கொள்கிறது. அந்தக் காற்றுக்கு இடம் கொடுப்பதுதான் சாக்ஸின் வேலை. ஷூ இறுகினால் அந்த இடமும் போய்விடும், இரத்த ஓட்டமும் தடைபடும். குளிரில் உடல் தன் நடுப்பகுதியைக் காப்பதற்காகக் கை கால்களுக்குப் போகும் இரத்தத்தை ஏற்கெனவே குறைத்துவிடுகிறது என்பதால், அதற்கு மேலும் நாமே நாடாவை இழுத்துக் கட்டுவது பெரிய தவறு. நடக்கும்போது உள்ளங்கால் வளைந்து நிமிர்ந்து தசைகள் இரத்தத்தைத் தள்ளிக்கொண்டே இருக்கும்; பெடலின் மேல் பாதம் ஏறக்குறைய அசையாமல் கிடக்கிறது. போதாததற்கு நம் வேகமே எதிர்க்காற்றை உண்டாக்குகிறது. மைனஸ் 10 டிகிரியில் மணிக்கு 20 கிலோமீட்டர் காற்று அடித்தால் தோலுக்கு அது மைனஸ் 18 போலத் தெரியும்.

ஆகவே ஷூ வாங்கப் போகும்போது, போடப்போகும் கம்பளி சாக்ஸைக் கையோடு கொண்டுபோய், அதைப் போட்டுக்கொண்டே அளவு பாருங்கள். உள்ளே விரல்களைத் தாராளமாக மடக்கி நீட்ட முடிய வேண்டும். பெரும்பாலும் வழக்கமான அளவைவிட ஒன்று கூடுதலாகத் தேவைப்படும். மெல்லிய சாக்ஸ் ஒன்றும் அதன் மேல் தளர்வான கம்பளி சாக்ஸ் ஒன்றும் போதும். இங்கே 'வில்லாசுகாட்' என்று சொல்லும் கையால் பின்னிய கம்பளி சாக்ஸ், பழைய பொருள்கள் விற்கும் கிர்ப்புத்தோரிகளில் மலிவாகக் கிடைக்கிறது. விலை உயர்ந்த விளையாட்டு சாக்ஸைவிட எனக்கு அதுவே பிடித்திருக்கிறது. ஷூவின் அடியில் கம்பளி இன்சோல் ஒன்று போடுங்கள், ஏனென்றால் சூடு கீழ்வழியாகவும் பெடலுக்கு இறங்குகிறது. ஷூவைப் பூட்டிக்கொள்ளும் உலோகப் பெடல் வைத்திருப்பவர்கள் குளிர்காலத்துக்கு மட்டுமாவது அகலமான பிளாஸ்டிக் பெடலுக்கு மாறிவிடுவது நல்லது.

குளிரைவிட ஈரத்துக்குத்தான் நான் அதிகம் அஞ்சுகிறேன். மைனஸ் 15 டிகிரியில் உலர்ந்த பனியில் போவதைவிட, நவம்பரிலும் ஏப்ரலிலும் பூஜ்யத்தை ஒட்டிய வெப்பநிலையில் பனியும் தண்ணீரும் சேறுபோலக் கலந்து கிடக்கும் பாதையில் போவது காலுக்குக் கொடுமையானது. தண்ணீர் காற்றைவிட ஏறத்தாழ 25 மடங்கு வேகமாகச் சூட்டைக் கடத்தும். நனைந்தபின் பருத்தியால் ஒரு பயனும் இல்லை. கம்பளி ஈரத்தை உறிஞ்சிய பின்னும் ஓரளவு சூட்டைக் காக்கும். முன்சக்கரத்து மட்கார்டு தரையை நெருங்கும்வரை நீண்டிருந்தால் பாதி ஈரம் காலுக்கே வராது. மீதி ஈரம் நம் வியர்வை. அலுவலகம் சேர்ந்ததும் வேறு சாக்ஸுக்கு மாறுங்கள். இரவில் இன்சோலை வெளியே எடுத்து, ஷூவுக்குள் செய்தித்தாளைக் கசக்கி வைத்து உலர விடுங்கள். தோல் ஷூவை ஹீட்டர்மேல் வைத்தால் வெடித்துவிடும். செருப்பை வாசலுக்கு வெளியே விடும் நம் பழக்கத்தில், சிலர் ஷூவை பால்கனியில் வைத்துவிடுகிறார்கள். காலையில் பனிக்கட்டியாகக் கிடக்கும் அந்த ஷூவை உங்கள் கால்தான் சூடாக்க வேண்டியிருக்கும். கதவுக்கு உட்புறம் வையுங்கள்.

ஔலு ஆற்றின் பாலத்தைக் கடக்கையில் காற்று தொடையையும் முழங்காலையும் அறையும். அங்கே சூடு போய்விட்டால் கீழே வரும் இரத்தமும் குளிர்ந்தே வரும் என்பதால், கால்சட்டைக்கு மேல் காற்றுப் புகாத ஒன்றைப் போடுங்கள், தொப்பியையும் மறக்காதீர்கள். விரல் மரக்கத் தொடங்கினால் கூச்சப்படாமல் இறங்கி, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு சில நிமிடங்கள் நடங்கள்; எனக்கு இதைவிட உடனே பலன் தந்த வழி வேறில்லை.

வலி நின்றுவிட்டது என்று மட்டும் நிம்மதி அடையாதீர்கள். உணர்ச்சியற்று, வெளுத்து, மெழுகுபோல இருக்கும் விரல் பனிக்கடியின் அறிகுறி. தேய்க்கக் கூடாது, பனியை வைத்து ஒருபோதும் தேய்க்கக் கூடாது. கதகதப்பான இடத்துக்குப் போய் 37 முதல் 39 டிகிரி வரையிலான வெந்நீரில் பாதத்தை வைத்து, உணர்ச்சி திரும்பாவிட்டாலோ கொப்புளம் வந்தாலோ உடனே மருத்துவரிடம் காட்டுங்கள். நம் குடும்பங்களில் சர்க்கரை நோய் பரவலாக இருப்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன்: பாதத்தில் உணர்ச்சி குறைந்தவர்களுக்குக் குளிரும் தெரியாது, ஷூவுக்குள் வைக்கும் சூட்டுப்பை சுடுவதும் தெரியாது. அவர்கள் மருத்துவரைக் கேட்காமல் அந்தப் பையைப் பயன்படுத்த வேண்டாம்.

குழந்தையைப் பின் இருக்கையில் வைத்து அழைத்துப்போகிறவர்கள் இன்னொன்றையும் கவனியுங்கள். பெடல் மிதிக்கும் உங்களுக்கு வியர்த்துக்கொண்டிருக்கும்போது, அசையாமல் அமர்ந்திருக்கும் குழந்தை குளிர்ந்துகொண்டிருக்கும். அதற்குச் சொல்லவும் தெரியாது. வழியில் ஒருமுறை நிறுத்தி முகத்தையும் கையையும் தொட்டுப் பாருங்கள், போய்ச் சேர்ந்ததும் முதல் வேலையாக ஷூவைக் கழற்றி விரல்களைத் தொட்டுப் பாருங்கள்.