பனிக்காலத்தில் பின்வளவை மாத்தி அமைக்க யோசனை எங்கேயிருந்து எடுக்கலாம்? (ரொறன்ரோ பகுதி)

ஸ்காபுறோ_வளவு கேட்டது:

எல்லாருக்கும் வணக்கம். ஸ்காபுறோவில் வீடு. பின்வளவு வீட்டுக்குத் தெற்குப் பக்கம், 30 அடி அகலம், 40 அடி நீளம். மூன்று பக்கமும் 6 அடி மரவேலி. இப்ப முழுக்கப் புல், நடுவில் இரண்டு பழைய பாத்தி. வாற வசந்தத்தில் முழுசாக மாத்த வேணும். பயிற்றங்காய், பாகல், புடல் ஏற ஒரு பந்தல், கத்தரி, மிளகாய், தக்காளிக்கு இடம், இரண்டு கதிரை போட இடம். குசினி யன்னலால் பார்த்தால் நவம்பரிலிருந்து ஏப்ரல் வரை வெறும் வெள்ளையாக இல்லாமல் கண்ணுக்கு ஏதாவது தெரியவும் வேணும்.

இணையத்தில் படம் தேடினால் கலிபோர்னியாவும் இங்கிலாந்தும்தான் வருது. எங்கட குளிருக்கும் களிமண்ணுக்கும் எதை எடுக்கிறது எண்டு விளங்கேல்லை.

மூன்று சிக்கல் இருக்கு. தெற்கு வேலியின் நிழல் இப்ப 12 அடிக்கு மேல் விழுது, அங்கே பாத்தி போடவே ஏலாதோ? தென்கிழக்கு மூலையில் ஸ்னோ கரையேக்க தண்ணி தேங்கும். பாத்தியில் தக்காளி ஜூலையில், தண்ணி விட்டும், திடீரென்று வாடிப்போகுது. மேற்குப் பக்கத்து அயல்வீட்டில் பெரிய மரம் ஒன்று இருக்கு. செப்டம்பர், ஒக்டோபரில் டெனிஸ் பந்து அளவு பச்சைக் காய் எங்கட பக்கமும் விழும்.

---

நிழல்கணக்கு எழுதியது:

படங்களை இப்போதைக்கு மூடி வையுங்கோ. இந்த மாதத்தில் உங்கட வளவே காட்டுற விசயங்களை எந்தப் படமும் காட்டாது. இலை, புல், பூ ஒன்றும் இல்லாமல் எலும்புக்கூடு மட்டும் நிற்கிற நேரம் இது.

முதலில் நிழல். ஜனவரி நிழலைப் பார்த்துப் பாத்தியின் இடத்தை முடிவு செய்யக் கூடாது. ரொறன்ரோவில் டிசம்பர் 21 நண்பகலில் சூரியன் 23 பாகை உயரத்தில்தான் நிற்கும், 6 அடி வேலியின் நிழல் 14 அடிக்கு விழும். மார்ச் 20 இல் 46 பாகை, நிழல் 6 அடிக்குக் கொஞ்சம் குறைவு. ஏப்ரல் 20 இல் 58 பாகை, 4 அடிக்குள். ஜூன் 21 இல் 70 பாகை, 2 அடி சொச்சம். ஓகஸ்ட் 22 வாக்கில் சூரியன் ஏப்ரல் 20 இன் உயரத்துக்கும், செப்டம்பர் 22 இல் மார்ச் 20 இன் உயரத்துக்கும் திரும்பி வரும். ஆகவே தெற்கு வேலியிலிருந்து 6 அடி தள்ளிப் பாத்தி போட்டால் செப்டம்பர் கடைசி வரை நண்பகல் வெயிலுக்குக் குறையிராது. வேலியோரம் மிஞ்சுகிற 6 அடியை கொம்போஸ்ட் பெட்டிக்கும் சாடியில் வைத்த புதினாவுக்கும் விடுங்கோ. புதினாவை நிலத்தில் நட்டால் இரண்டு வருசத்தில் பாத்திக்குள் வந்துவிடும்.

அளக்கிறது உண்மையான நண்பகலில், அதாவது சூரியன் ஆக உயரத்தில் நிற்கிற நேரத்தில், இருக்க வேணும். இங்கே மணிக்கூட்டில் ஜனவரியில் அது ஏறக்குறைய 12.30, கோடையில் 1.20.

அயல்வீட்டு மரம் இப்ப மொட்டையாக நிற்கிறதால் வெளிச்சம் தாராளமாக வருகிற மாதிரித் தெரியும். ஜூனில் பின்னேர வெயிலை அது மறைக்கும். வளவின் நிலப்படம் கீறேக்க மரத்தின் கிளை வட்டத்தையும் கீறுங்கோ.

அடுத்தது ஸ்னோ. பெப்ரவரி, மார்ச்சில் ஒவ்வொரு கரைவுக்கும் மேல்மாடி யன்னலில் ஒரே இடத்திலிருந்து படம் எடுங்கோ. முதலில் நிலம் தெரிகிற இடம்தான் வளவிலேயே சூடான இடம். உங்களுக்கு அது வீட்டின் தெற்குச் சுவரடியாகத்தான் இருக்கும். கத்தரியும் மிளகாயும் அங்கேதான் போக வேணும். கடைசி வரை ஸ்னோ கிடக்கிற இடத்தில் கதிரையை வைச்சால் ஓகஸ்டில் குளிர்ச்சியாக இருக்கும்.

தண்ணி தேங்குகிற மூலையை மண் போட்டு நிரப்பாதேங்கோ. வீட்டுத்தொகுதி கட்டும்போது எல்லா வளவுத் தண்ணியும் ஓட வேலியோரம் ஆழமில்லாத ஒரு பள்ளம் விடுவார்கள். அதை அடைத்தால் தண்ணி அயலவரின்ட பேஸ்மென்ட் பக்கம் திரும்பும். நகரசபைக்கு முறைப்பாடு போனால் தோண்டி எடுக்கச் சொல்லுவார்கள். மட்டத்தை உயர்த்தாமல் ஈரம் விரும்புகிற செடி நடுங்கோ.

---

மிசிசாகா தோட்டம் எழுதியது:

எல்லாத்துக்கும் முன்னாடி அந்த மரத்தைப் பாருங்க. டென்னிஸ் பந்து மாதிரி பச்சைக் காய், ஜூலையில வாடுற தக்காளி, ரெண்டையும் சேர்த்துப் பார்த்தா அது பிளாக் வால்நட் (கருப்பு அக்ரூட்) மரமா இருக்க வாய்ப்பு அதிகம். குளிர்காலத்துலயே உறுதி பண்ணலாம். கீழ விழுந்த சின்னக் குச்சி ஒண்ணை நீளவாக்குல பிளந்து பாருங்க. நடுவுல இருக்குற மெத்தான சோத்துப்பகுதி (pith) குறுக்குத் தடுப்பு வச்ச அறை அறையா இருக்கும். இலை உதிர்ந்த தழும்பு குரங்கு முகம் மாதிரி தெரியும்.

இந்த மரத்தோட வேர், இலை, காய்த்தோல் எல்லாத்துலயும் ஜக்லோன்னு (juglone) ஒரு நச்சுப் பொருள் வரும். தக்காளி, கத்தரி, மிளகாய், உருளை நாலுக்கும் அது ஆகாது. நல்லா வளர்ந்த மரத்தோட தாக்கம் 50 அடி வரைக்கும் போகும், அதனால உங்க 30 அடி அகலத்துல தப்பிக்க இடம் கிடையாது. உயரமான பாத்தி போட்டாலும் ரெண்டு மூணு வருஷத்துல வேர் கீழிருந்து ஏறிடும். பாத்திக்கு அடியில துணி விரிச்சாலும் தடுக்காது.

இந்தக் கத்தரிக் குடும்பத்துச் செடியை எல்லாம் தொட்டிக்கு மாத்திடுங்க. மிளகாய்க்கு 5 கேலன் துணிப்பை, கத்தரிக்கும் தக்காளிக்கும் 10 கேலன். மேல சொன்ன தெற்குச் சுவரடியில கல் பாவி அது மேல வைங்க. மண் மேல நேரா வச்சா பை வழியாவும் வேர் நுழையும். நிலத்துப் பாத்தியில பீன்ஸ் வகை, வெங்காயம், பீட்ரூட், கேரட், பூசணிக் குடும்பத்துக் கொடி போடலாம், இதெல்லாம் பொதுவாத் தாங்கும். வால்நட் இலையை மட்டும் கம்போஸ்ட்ல போடாதீங்க.

வெட்டச் சொல்லிக் கேக்கலாம்னு நினைச்சா, டொராண்டோ நகர எல்லைக்குள்ள தரையிலிருந்து 1.4 மீட்டர் உயரத்துல 30 செ.மீ. இல்ல அதுக்கு மேல விட்டம் இருக்குற மரத்துக்கு அனுமதி வேணும். வெட்டினாலும் செத்த வேர் கொஞ்ச வருஷம் மண்ணுல இருந்துட்டே இருக்கும்.

---

பந்தல்_மார்க்கம் எழுதியது:

மேலே இருவரும் சொன்னதை வைத்து இப்ப தாளில் இறங்கலாம். கால் அங்குலம் ஒரு அடி எண்டு வைச்சால் 30க்கு 40 அடி வளவு 7½க்கு 10 அங்குலத்தில் வரும், ஒரு கட்டத்தாளில் அடங்கும். வீட்டுச் சுவர், கதவு, யன்னல், குழாய், ஏசிப் பெட்டி, மரத்தின் வட்டம், தண்ணி ஓடும் பள்ளம் எல்லாம் மையில். அதுக்கு மேல் மெல்லிய ட்ரேசிங் தாள் விரித்து ஒவ்வொரு யோசனையையும் பென்சிலில் கீறுங்கோ. மூன்று வேறு திட்டமாவது கீறாமல் ஒன்றைப் பிடிக்காதேங்கோ. முதல் கீறுகிறது எப்பவும் பழைய வளவையே திருப்பிக் கீறினதாகத்தான் இருக்கும்.

பிடிச்ச திட்டத்தை ஸ்னோவிலேயே கீறிப் பார்க்கலாம். தெளிக்கிற போத்தலில் தண்ணியோடு சாப்பாட்டுக்குப் போடும் நிறத்தைக் கலந்து பாத்தியின் ஓரத்தை அளந்து தெளியுங்கோ. பிறகு யன்னலால் பாருங்கோ, நடந்து பாருங்கோ. தாளில் போதும் போலத் தெரிகிற 2 அடி நடைபாதையில் ஒற்றைச்சில்லு வண்டி திரும்பாது. பெரிய பாதைக்கு 3 அடி வேணும்.

பாத்தி 4 அடிக்கு 8 அடி. இரண்டு பக்கத்தாலும் கை நடுவுக்கு எட்டும். 2க்கு 10 அங்குலச் சீடர் பலகை 8 அடியில் மூன்று வாங்கினால் ஒரு பாத்தி, மூன்றாவதை நடுவால் அறுக்க வேண்டியதுதான். மண் ஒரு கன யார்டுக்குக் கொஞ்சம் குறைவாகப் பிடிக்கும். பையில் வாங்கினால் 30 லீட்டர்ப் பை ஏறக்குறைய இருபத்துநாலு வேணும், அதால் இரண்டு பாத்தியெண்டால் லொறியில் இறக்குகிறதுதான் மலிவு. பழைய டெக் கழட்டின மரத்தைப் பாத்திக்குப் பாவிக்காதேங்கோ. வீட்டுப் பாவனைக்கான பதப்படுத்தின மரத்தில் 2003 கடைசி வரை ஆர்செனிக் சேர்த்தார்கள்.

பந்தல் மேற்குப் பக்கம். காலை வெயில் மற்றப் பாத்திகளுக்குத் தடையில்லாமல் வந்து இலையில் கிடக்கிற ஈரத்தைக் காயவைக்கும், இலைப்புள்ளி மாதிரி நோய்கள் குறையும். கொடிகள் வால்நட் பக்கத்தையும் தாங்கும். ஆனால் அந்த மரத்தின் பின்னேர நிழல் எவ்வளவு தூரம் வருகுது எண்டு ஜூனில் பார்த்திருந்தால் அதுக்கு வெளியே தள்ளிப் போடுங்கோ, பாகலுக்கு ஆறு மணித்தியாலமாவது நேர் வெயில் வேணும். கூரைக்கு 6 அங்குலக் கண் உள்ள கம்பிவலை போடுங்கோ. சின்னக் கண் நைலோன் வலையில் புடலும் பாகலும் பிஞ்சிலேயே சிக்கி, கண்ணுக்குள்ளேயே பருத்து நசியும். உயரம் 6½ அடிக்குக் குறைஞ்சால் புடல் தலையில் இடிக்கும்.

இன்னொன்று, கறிவேப்பிலைச் சாடிக்குத் திட்டத்திலேயே இடம் கீறுங்கோ. ஜூன் முதல் கிழமை வெளியே எடுத்தால் முதல் பத்து நாள் காலை வெயில் மட்டும் படுகிற இடம் வேணும். உள்ளுக்கிருந்து நேராகத் தெற்குச் சுவரடிக்குக் கொண்டுபோனால் இலை வெளுத்துக் கொட்டும்.

---

சிவப்புத்தண்டு எழுதியது:

குசினி யன்னலைப் பற்றி ஒருவரும் சொல்லவில்லை, வருசத்தில் ஐந்து மாதம் தோட்டம் என்பது அந்த யன்னல்தான்.

நீங்கள் தெற்குப் பார்த்து நிற்கிறீர்கள், சூரியன் செடிக்குப் பின்னால் தாழ்வாக வரும். காய்ந்த புல்லுக்கு இதைவிட நல்ல இடம் கிடைக்காது. லிட்டில் புளூஸ்டெம் எண்ட உள்நாட்டுப் புல் பனிக்காலம் முழுக்கச் செம்பு நிறத்தில் நிற்கும், பின்வெயில் பட்டால் மின்னும். வேலி நிழலுக்கு வெளியே, அதாவது தெற்கு வேலியிலிருந்து 14 அடிக்கு இப்பால், ஐந்து செடியைக் கூட்டமாக நடுங்கோ. உரம் போட்ட மண்ணில் அது ஓகஸ்டிலேயே சரிந்து படுத்துவிடும். கொம்போஸ்ட் போடாத, தண்ணி வடிகிற மண்தான் அதுக்குச் சரி. பக்கத்தில் எக்கினேசியா எண்ட பூச்செடி. விதைத்தலையை வெட்டாமல் விட்டால் பொற்சிட்டுகள் கொத்த வரும். ஏப்ரல் கடைசியில் வெட்டுங்கோ.

தண்ணி தேங்குகிற தென்கிழக்கு மூலைக்கு ரெட் ஓசியர் டொக்வுட் எண்ட சிவப்புத் தண்டுள்ள புதர். ஆற்றோரங்களில் தானாகவே வளர்கிறது, ஈரம் அதுக்குப் பிடிக்கும். குட்டை வகை வாங்காதேங்கோ: அந்த மூலையில் ஜனவரி நண்பகலில் 4 அடி உயரம் வரை வேலி நிழல்தான். 7 அடி வளர்கிற சாதாரண வகையின் மேல்பாதியில் வெயில் பட்டுச் சிவக்கும். இளந்தண்டுதான் நல்ல சிவப்பு, ஆகவே மூன்றாம் வருசத்திலிருந்து ஒவ்வொரு மார்ச்சிலும் தண்டுகளில் மிகப் பழைய மூன்றில் ஒரு பங்கை நிலமட்டத்தில் வெட்ட வேணும். முயல் தண்டின் தோலைக் கொறிக்கும். அரை அங்குலக் கம்பிவலையை ஸ்னோ மட்டத்துக்கு மேலும் 2 அடி உயரமாகச் சுற்றுங்கோ. ஸ்னோ ஏற ஏற முயலும் அதிலேறி நிற்கும்.

சிவப்புப் பழத்துக்காக விண்டர்பெரி எண்ட புதரை வாங்கச் சொல்லிக் கடையில் காட்டுவார்கள். ஆண் செடி ஒன்றும் சேர்த்து நடாவிட்டால் பழம் வராது, ரொறன்ரோவின் சுண்ணாம்பேறிய களிமண்ணில் இலை மஞ்சளாகும். உங்களுக்கு அது வேண்டாம்.

நேரில் பார்க்க: லோரன்ஸ், லெஸ்லி சந்தியில் ரொறன்ரோ பொட்டானிக்கல் கார்டன். அதன் நுழைவுத் தோட்டம் நெதர்லாந்தின் பியேட் ஔடொல்ஃப் வடிவமைத்தது, செடி காய்ந்து நிற்கும் தோற்றத்தையும் கணக்கெடுத்து நடுகிறவர். பெப்ரவரியில் போங்கோ, அளவு நாடாவும் கொண்டு போங்கோ. எந்தச் செடி ஸ்னோவுக்குப் பிறகும் நிமிர்ந்து நிற்குது, பாதை எத்தனை அடி எண்டு எழுதி வாங்கோ. அலன் கார்டன்ஸ் கண்ணாடி வீடும் இலவசம், பச்சையைப் பார்க்க நல்லது. ஆனால் வெளி வளவுக்கு அங்கேயிருந்து எடுக்க அதிகம் இல்லை.

---

ஸ்காபுறோ_வளவு எழுதியது:

எல்லாருக்கும் மெத்தப் பெரிய நன்றி. குச்சியைப் பிளந்து பார்த்தேன், அறை அறையாகத்தான் இருக்கு. தக்காளி சாடிக்குப் போகுது. ஒரு கேள்வி: பந்தல் கால் எவ்வளவு ஆழம்? எப்ப தோண்டலாம்?

---

பந்தல்_மார்க்கம் எழுதியது:

4க்கு 4 அங்குல மரக்கால் எண்டால் 4 அடி ஆழம். இங்கே நிலம் அந்த ஆழத்துக்கிட்ட உறையலாம், குறைவாகப் போட்டால் உறைந்த மண் ஒவ்வொரு வருசமும் காலை மேலே தள்ளிப் பந்தல் கோணும். மழையில் நனைந்த கொடி ஓகஸ்டில் நல்ல பாரம், காத்தும் பிடிக்கும், அதால் குறுக்குச் சட்டம் அவசியம். இவ்வளவு தோண்ட விருப்பமில்லையெண்டால் 8 அடி நீள இரும்பு T வடிவக் கம்பியை நிலத்தில் 18 அங்குலம் அடித்து, ஒக்டோபரில் கழட்டி வையுங்கோ. வால்நட் வேரையும் வெட்டத் தேவையில்லை, உங்கட இடத்துக்கு நான் இதைத்தான் சொல்லுவேன்.

இரண்டில் எதைச் செய்தாலும் முதலில் ஒன்ராறியோ வன் கோல் (Ontario One Call) சேவைக்கு அறிவியுங்கோ. எரிவாயு, மின்கம்பி எங்கே போகுது எண்டு இலவசமாக அடையாளம் வைப்பார்கள். குறைஞ்சது ஐந்து வேலைநாள் முந்திச் சொல்ல வேணும், மே மாதத்தில் இன்னும் இழுபடும், அதால் ஏப்ரல் தொடக்கத்திலேயே பதியுங்கோ.

தோண்டுகிறது ஏப்ரல் கடைசி. ஒரு பிடி மண்ணை உருட்டி விரலால் தட்டுங்கோ, உதிர்ந்தால் தொடங்கலாம். உருண்டையாகவே நிண்டால் இன்னும் ஒரு கிழமை பொறுங்கோ. ஈரக் களியை மிதித்தால் அந்த வருசம் முழுக்க இறுகித்தான் கிடக்கும். மிளகாய், கத்தரி விதையை மட்டும் மார்ச் நடுவிலேயே உள்ளுக்குப் போட்டுவிடுங்கோ. விக்டோரியா தினத்துக்கு (மே 25க்கு முந்தின திங்கட்கிழமை) பிறகு, இரவு வெப்பம் 12 பாகைக்குக் கீழே போகாத கிழமையில் வெளியே வரும்.